தனக்குச் சார்ஜ் ஏறாத வண்டி

சங்குமுனை ஊரில் நின்றுபோன கடிகாரங்களெல்லாம் ஓடத் தொடங்கியது ஓர் ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. அதற்கு ஒரு வாரம் முன்னால் அமலோற்பவத்தின் பழைய பிக்கப் வண்டியில், டாஷ்போர்டின் ஓரத்தில் சார்ஜ் ஏறுவதைக் காட்டும் சின்ன முள் இடது பக்கம் சாய்ந்து படுத்தது. படுத்தது எழுந்திருக்கவே இல்லை.

அமலோற்பவத்துக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் உப்பளமுமாகக் கிடக்கும் அந்த ஊரிலிருந்து பதினோரு வருஷமாகத் தினமும் மீனை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போய், திரும்பும்போது ஐஸை ஏற்றிக்கொண்டு வருகிறவள். முள் படுத்த மறுநாள் காலை அவள் சாவியைத் திருப்பியபோது வண்டி 'டக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அமைதியாகிவிட்டது. தெருவில் நின்ற நாலு பேர் பின்னாலிருந்து தள்ளினார்கள். அது டீசல் வண்டி, ஒருமுறை உயிர் வந்துவிட்டால் பேட்டரியின் தயவில்லாமல் நாள் முழுக்க ஓடும். ஹார்ன் அடிக்காது, விளக்கு எரியாது, வைப்பர் அசையாது, அவ்வளவுதான். ஆகவே அவள் எங்கேயும் இன்ஜினை நிறுத்தாமல் போய், நிறுத்தாமல் வந்து, பொழுது சாய்வதற்குள் வீட்டு முன்னால் நிறுத்தினாள். மறுநாளும் தள்ளினார்கள். அதற்கு மறுநாளும்.

தள்ளியவர்களில் ஒருவன்தான் முதலில் கவனித்தான். வீட்டிலிருந்து கிளம்பும்போது செத்துக் கிடந்த அவன் செல்போன், வண்டியைத் தெருமுனை வரை தள்ளிவிட்டு வந்து பார்க்கும்போது முழுசாகச் சார்ஜ் ஏறியிருந்தது. அடுத்து, காது மந்தமான கிழவி பெலிசித்தா வீட்டுச் சுவரில் ஏணி வைத்து ஏற ஆளில்லாமல் இரண்டு வருஷமாகப் பத்து மணி ஐந்து நிமிஷத்தில் நின்றிருந்த கடிகாரம், வண்டி வாசலைக் கடக்கும்போது ஒரு செருமலோடு ஓட ஆரம்பித்தது. பெலிசித்தா காதில் மாட்டும் மெஷினும் உயிர்பெற்றதால் அந்தச் செருமலை அவளே கேட்டாள். வண்டியின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால், அதைச் சுற்றி ஒரு கல்லெறி தூரத்துக்குள் இருக்கிற பேட்டரிகள் எல்லாம், டார்ச் லைட்டுக்குள் கசிந்து துருப்பிடித்த கட்டை பேட்டரி வரைக்கும், நிரம்பிவிட்டன. வண்டியின் பேட்டரி மட்டும் காலியாகவே கிடந்தது.

ஊர் இதற்கு இரண்டு நாள் ஆச்சரியப்பட்டது, மூன்றாம் நாள் ஒழுங்கு செய்துகொண்டது. காலையில் வண்டி கிளம்பும் நேரத்துக்கு வீட்டுச் சுவர்களின்மேல் டார்ச் லைட்டும் எமர்ஜென்சி விளக்கும் போனும் கருவாடு காயப்போட்டதுபோல வரிசையாக வந்து உட்கார்ந்தன, கடலுக்குப் போகிறவர்கள் வழிகாட்டும் கருவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே வந்து தள்ளினார்கள், யார் எந்தக் கிழமை தள்ளவேண்டும் என்ற பட்டியல் கோயில் அறிவிப்புப் பலகையில் திருப்பலி நேரத்துக்குக் கீழே ஏறியது, தள்ளாதவர்கள் சுவரில் எதையும் வைக்கக்கூடாது என்று முதலில் பேசி, பிறகு நடக்கமுடியாதவர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் வைக்கலாம் என்று திருத்தினார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து வெள்ளிக்கிழமை மட்டும் வண்டியை எங்கள் பக்கமாகச் சுற்றிவிட்டுப் போகச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். பங்குச்சாமியார், இது கடவுள் செய்த புதுமையா இல்லையா என்று கேட்டு மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டுவிட்டு, பதில் வரும்வரை இருக்கட்டும் என்று கோயிலின் மைக் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்து சுவரில் வைத்தார்.

அமலோற்பவத்துக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. "ஊருக்கெல்லாம் குடுக்குது, எனக்கு ஒரு ஹார்ன் அடிக்கமாட்டேங்குது," என்று சொல்லி, காயல்பட்டினத்திலிருந்து நெய்னா பாயைக் கூப்பிட்டாள்.

நெய்னா முகம்மது வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்க்கிறவர். முப்பது வருஷத்தில் ஒரு வண்டியைக்கூட 'என்னால் ஆகவில்லை' என்று திருப்பி அனுப்பியதில்லை. வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்யச் சொல்லி, மீட்டரை, இன்ஜினோடு சுற்றி மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரின் முதுகில் வைத்துப் பார்த்தார். பதினாலு வோல்ட். பேட்டரியில் வைத்துப் பார்த்தார். பதினொன்று, அதுவும் இறங்கிக்கொண்டிருந்தது.

"அங்க கிளம்புது, இங்க வந்து சேரலை," என்றார். "நடுவுல எங்கயோ போவுது."

"எங்க போவுதுன்னுதான் ஊருக்கே தெரியுமே, பாய்," என்றாள் அமலோற்பவம்.

அவர் காதில் வாங்கவில்லை. கடற்கரை வண்டிகளின் நோய் அவருக்குத் தெரியும். உப்புக் காற்று செம்பைத் தின்னும், திருகுகளில் பச்சைக் களிம்பு பூக்கும். பேட்டரியிலிருந்து வண்டியின் இரும்புச் சட்டத்துக்குப் போகும் எர்த் பட்டையைக் கழற்றி, அடியில் இரும்பு மின்னும்வரை சுரண்டி மாட்டினார். பேட்டரியை மாற்றினார். அடுத்த வாரம் வந்து ஆல்டர்னேட்டரையே மாற்றினார். மூன்றாவது முறை வந்து, வெளியில் தெரிகிற வயர்களின் நுனிகளையெல்லாம் வெட்டிப் புதிதாக ஈயம் பற்றவைத்தார். முள் படுத்தே கிடந்தது. நெய்னா பாயின் கையிலிருந்த மீட்டரின் பேட்டரி மட்டும் அந்த இரண்டு மாதமும் தீரவே இல்லை. அதை அவர் தனக்குச் செய்த அவமானமாகவே எடுத்துக்கொண்டார்.

"பழைய வண்டி இது, அக்கா." என்றார் அவர். " ஆல்டர்னேட்டர்ல இருந்து வாற வயர் நேரா பேட்டரிக்குப் போகாது. உள்ள டாஷ்போர்டுக்குப் போயி, இந்த முள்ளைத் தொட்டுட்டு, மறுபடி வெளிய வந்து பேட்டரிக்குப் போவும். வெளிய நான் எல்லாம் பாத்துட்டேன். இனி உள்ளதான். சீட்டு, டாஷ்போர்டு எல்லாத்தையும் கழட்டி முழு வயரிங்கையும் உருவணும். மூணு நாள் ஆவும்."

"குறுக்க ஒரு வயரை இழுத்து விட்டுர முடியாதா?"

"அப்படி இழுத்த வண்டியெல்லாம் தீப்பிடிச்சு நின்னதை நான் பாத்திருக்கேன். அது என் வேலை இல்லக்கா."

மூன்று நாள் வண்டி நின்றால் மூன்று நாள் மீன் நாறும் என்று அவள் தள்ளிப்போட்டாள். ஐப்பசியில் மழை பிடித்தது. ஒரு சாயங்காலம் உப்பளத்து ரோட்டில் திடீரென்று இருட்டிக்கொண்டு கொட்டியது. விளக்கில்லை, வைப்பர் இல்லை. கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டி ஊர்ந்து வந்தவள், உப்பு வேலை முடிந்து கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்துபோன ஒரு பெண்ணுக்கு ஒரு முழம் முன்னால் பிரேக்கை மிதித்தாள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை, திரும்பிப் பார்த்துவிட்டு நடந்துபோனாள்.  அமலோற்பவம் அன்றே நெய்னா பாய்க்குப் போன் செய்து, சனிக்கிழமை வாங்க என்றாள்.

ஊருக்கும் சொன்னாள். யாரும் சண்டைக்கு வரவில்லை. அவள் ஓட்டுகிற வண்டி, அவள் சொல்வது நியாயம் என்றார்கள். வெள்ளிக்கிழமை கொஞ்ச நேரம் கூடுதலாக ஓடவிட்டால் எல்லாவற்றையும் நிரப்பி வைத்துக்கொள்வோம் என்று மட்டும் கேட்டார்கள். பெலிசித்தா, காது கேட்ட இந்த இரண்டு மாதத்தில் கேட்கவேண்டியதையெல்லாம் கேட்டாகிவிட்டது, மருமகள் பேசுவதைக் கேட்காமலிருப்பதும் நல்லதுக்குத்தான் என்றாள்.

வியாழக்கிழமை காலை, அமலோற்பவத்தின் அண்ணன் மனைவி சலேத்தம்மாள் வந்து வீட்டு வாசலில் நின்றாள்.

அண்ணன் சந்தியாகுவும் அமலோற்பவமும் பேசிப் பதினோரு வருஷம். அவள் அந்த வண்டியை வாங்கி ஓட்டிக்கொண்டு வந்த அன்று, கோயில் முற்றத்தில் எல்லோரும் பார்க்க, "நம்ம குடும்பத்துப் பொம்பளை எவளும் லோடு வண்டி ஓட்டுனதில்லை. இந்த வண்டிமேல என் கையும் படாது, காலும் படாது," என்று சொன்னவர் அவர். அன்றிலிருந்து பட்டதில்லை. ஊரே தள்ளிய இரண்டு மாதமும் அவர் வீட்டுச் சுவரில் ஒரு டார்ச் லைட்கூட உட்காரவில்லை.

"மைனி, உள்ள வாங்க," என்றாள் அமலோற்பவம்.

சலேத்தம்மாள் வரவில்லை. நின்ற இடத்திலேயே சொன்னாள். "உங்கண்ணனுக்கு நெஞ்சுல மெஷின் வச்சிருக்குல்லா, அதுக்குள்ள உள்ள பேட்டரி வைகாசியிலயே தீரப்போவுதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மூணு மாசந்தான், அதுக்குள்ள வந்து மாத்திருங்கன்னாரு. இந்த மனுசன் பயந்துக்கிட்டு யாருகிட்டயும் சொல்லலை, எங்கிட்டயும் சொல்லலை. நேத்து நீ வண்டியை வேலைக்கு விடப்போறன்னு கேட்ட பொறவுதான் வாயைத் தொறந்தாரு."

அமலோற்பவம் விரலை மடக்கி எண்ணினாள். வைகாசி, ஆனி, ஆடி. ஆவணியில் முள் படுத்தது.

"நீ காலையில வண்டியைக் கிளப்பையில சன்னல் பக்கம் வந்து உக்காந்துக்கிடுவாரு. ஏன் உக்காருதாருன்னு எனக்குத் தெரியாது. நீ வரப் பிந்துன அன்னைக்கெல்லாம் மூச்சு வாங்கும். வண்டி தெருவுக்குள்ள நொழையவும் எந்திரிச்சு சோறு கேப்பாரு."

"இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, மைனி."

"நேத்து சாயங்காலமே பஸ்ஸுல ஏத்துனேனே. உப்பளத்து வளைவு தாண்டவும் ஆளு சரிஞ்சுட்டாரு. டிரைவரு நல்ல மனுசன், பஸ்ஸைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டாரு. இங்க உன் வண்டி ஐஸை எறக்கிக்கிட்டு ஓடிக்கிட்டு நின்னுது. இவரு கண்ணைத் தொறந்துட்டாரு. வீட்டுல அசையாம கெடந்தா அந்த பேட்டரி ஒரு நாளு தாங்குது, வெளிய கெளம்பி அலைஞ்சா உடனே தீந்துருது."

அமலோற்பவம் வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தாள்.  அவர் அந்த வண்டியை விட்டுப் போகமுடியாது, ஆகவே அந்த வண்டியில்தான் போகவேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை அமலோற்பவம் மீன் ஏற்றவில்லை. நெய்னா பாயை ஒருநாள் முன்னதாகவே வரச்சொல்லி, கருவிப் பெட்டியோடு பின்னால் ஏற்றிக்கொண்டாள். ஊர் தள்ளியது. வண்டியைச் சந்தியாகு வீட்டு வாசலில் கொண்டுபோய், இன்ஜினை ஓடவிட்டு, இடது கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தன் இடத்திலேயே உட்கார்ந்து நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கால் மணி நேரம் ஆயிற்று.  கடைசியில் சந்தியாகு வெளுத்த வேட்டியும் முழுக்கைச் சட்டையுமாக, கல்யாண வீட்டுக்குப் போகிறவர்போல வெளியே வந்தார், படியில் கால் வைக்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டார், ஏறி உட்கார்ந்தார். சலேத்தம்மாள் நெய்னா பாயோடு பின்னால் ஏறினாள்.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை மணி நேரப் பாதை.  வண்டி தன் பாட்டுக்குப் போயிற்று, வழியில் டீக்கடைகளில் செத்துக் கிடந்த ரேடியோக்கள் திடீரென்று பாடி, வண்டி கடந்ததும் பாட்டை நிறுத்தாமல் தொடர்ந்தன, ஒரு பள்ளிக்கூடத்து வாசலில் ஐஸ் விற்கிறவனின் பொம்மை மணி தானாக அடித்தது, பஸ்ஸுக்கு நின்றவர்கள் பையிலிருந்த போனை எடுத்துப் பார்த்துவிட்டு வானத்தைப் பார்த்தார்கள்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருக்கும்போது, பானெட்டுக்குள் 'பட்' என்று ஒரு சத்தம் கேட்டது. நெய்னா பாய் பின்னாலிருந்து குதித்து ஓடிவந்தார்.

"பெல்ட் அறுந்துட்டு. இன்ஜின் ஓடும், ஆல்டர்னேட்டர் சுத்தாது. ஆஃப் பண்ணுங்கக்கா, மாத்தணும்."

இன்ஜின் நின்றது. சந்தியாகுவின் முகத்திலிருந்து நிறம் இறங்குவதை அமலோற்பவம் பார்த்தாள். சீட்டுக்குப் பின்னால் வைத்திருந்த புதுப் பெல்ட்டை எடுத்து நெய்னா பாயிடம் கொடுத்துவிட்டு, திரும்பி அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி ஒரு அடி வைத்து, யோசித்து, அடுத்த அடி வைத்தது.

"எம்புட்டு நேரம் ஆவும்?" என்று சந்தியாகு கேட்டார். பதினோரு வருஷத்துக்குப் பிறகு அவளிடம் அவர் கேட்ட முதல் கேள்வி அது.

"ஒரு போல்ட்டை நெகிழ்த்தணும். பெல்ட்டை மாட்டணும். நெம்பி இறுக்கணும். அஞ்சு நிமிசம்."

"உனக்கு அதெல்லாம் தெரியுமா?"

"தெரியாம எப்படி ஓட்ட?"

அவர் தலையைச் சீட்டில் சாய்த்தார். "பேசிக்கிட்டே இரு, ஏளா. நிறுத்தாத."

அவளுக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. ஆகவே பதினோரு வருஷத்தில் எந்த ரோட்டில் எந்தப் பள்ளம் விழுந்தது, எந்தப் பாலம் உடைந்தது, ஐஸ் கம்பெனியில் யார் கையால் அடுக்கினால் ஐஸ் உருகாமல் வரும், எந்த மாதம் எந்த மீன் கனக்கும் என்று ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டே போனாள், ரயில் வந்தது, ரயிலின் சத்தத்துக்கு மேலே குரலை ஏற்றிச் சொன்னாள், ரயில் போனது, கேட் திறந்தது, பின்னால் நின்ற வண்டிகள் ஹார்ன் அடித்தன, அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள், அவர் நாடி வைத்த இரண்டு அடிகளுக்கு நடுவில் ஒரு ஆள் நடந்துபோய்விடலாம்போல இடைவெளி விழுந்தது.

"ஆச்சு!" என்றார் நெய்னா பாய்.

சலேத்தம்மாள் ரோட்டுக்கு ஓடி, பின்னால் நின்ற பஸ்ஸைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கினாள். என்ன ஏதென்று கேட்காமல் பஸ்ஸிலிருந்து இருபது பேர் இறங்கி வந்து தள்ளினார்கள். வண்டி தண்டவாளத்தின்மேல் ஏறும்போது உயிர்பெற்றது. சந்தியாகு ஒரு பெருமூச்சு விட்டு நிமிர்ந்து உட்கார்ந்து, "சாளை மீனைப் பத்தி என்னமோ சொல்லிக்கிட்டிருந்தியே," என்றார்.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடக்கும் அறைக்கு நேர் கீழே, சுவரை ஒட்டி வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தாள் அமலோற்பவம். காவலாளி வந்து, இங்கே நிறுத்தக்கூடாது, புகை என்று விரட்டினார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் கையிலிருந்த டார்ச், ஸ்விட்சை அமுக்காமலே பகல் வெளிச்சத்திலும் தெரிகிற மாதிரி எரிந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாருக்கும்மா?"

"எங்கண்ணனுக்கு."

"நிக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கமாக வந்த வேறு வண்டிகளை அவரே ஒதுக்கிவிட்டார்.

இரண்டு மணி நேரம் கழித்துச் சலேத்தம்மாள் மாடி ஜன்னலில் தோன்றி, முடிந்தது, புது மெஷின் வைத்தாகிவிட்டது என்று கையைக் காட்டினாள். அமலோற்பவம் சாவியில் கைவைத்தாள். திருப்ப மனம் வரவில்லை. இன்னும் ஒரு கால் மணி நேரம் ஓடவிட்டாள். பிறகு நிறுத்தினாள். அவ்வளவு அமைதியை அவள் அந்த இரண்டு மாதத்தில் கேட்டதில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சலேத்தம்மாள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு மறுபடியும் வந்து, "தூங்குதாரு," என்று கத்தினாள்.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் நெய்னா பாய் வண்டியைப் பிரித்தார். சீட்டும் டாஷ்போர்டும் தெருவில் பாயின்மேல் கிடந்தன. மொத்த வயரிங்கையும் உருவி, நீளவாக்கில் கிடத்தி, மேலே சுற்றிய டேப்பைக் கீறிக்கொண்டே வந்தார். இன்ஜின் பக்கமிருந்து வயர்கள் டிரைவர் பக்கம் நுழையும் இரும்புச் சுவரின் ஓட்டைக்கு நேராக, டேப்புக்குள், எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு உப்புக் கட்டி இருந்தது. வெள்ளை வெளேரென்று, கண்ணாடிபோல. வயர்கள் ஒரு பக்கம் அதற்குள் போயின. மறுபக்கம் வெளியே வந்தவற்றில் உறை மட்டும் இருந்தது, செம்பு இல்லை. ஊர் கூடிப் பார்த்தது. கையில் வைத்துப் பார்த்தவர்கள் வெதுவெதுப்பாக இருக்கிறது என்றார்கள்.

கோயிலில் வைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். பங்குச்சாமியார் ஒரு பீங்கான் தட்டில் வாங்கி வைத்தார். மழைக்காலம். இரண்டு நாளில் அது தண்ணீர் விட்டுக் கரைந்து, தட்டில் ஒரு கரண்டி உப்புநீராக நின்றது, கோயிலைக் கவனித்துக்கொள்ளும் கோயில் பிள்ளை தெரியாமல் கழுவி வைத்துவிட்டார். யாரும் கோபப்படவில்லை.

நெய்னா பாய் புது வயர்களை அளந்து வெட்டி, நிறம் பார்த்துக் கட்டி, ஓட்டைக்கு ரப்பர் வளையம் போட்டு, நுனிகளில் கிரீஸ் தடவி, மூன்றாம் நாள் மாலை எல்லாவற்றையும் பூட்டி, கடையில் சார்ஜ் ஏற்றி வைத்திருந்த பேட்டரியையும் மாட்டினார். மறுநாள் காலை வழக்கம்போலத் தள்ளுவதற்கு ஆட்கள் வந்து பின்னால் கைவைத்து நின்றார்கள். அமலோற்பவம் சாவியைத் திருப்பினாள். வண்டி ஒரே உறுமலில் கிளம்பிப் போய்விட்டது. முள் நிமிர்ந்து வலது பக்கம் சாய்ந்தது. தெருவில் நின்றவர்கள் இரண்டு கையையும் முன்னால் நீட்டியபடி கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, பிறகு கடலுக்குப் போனார்கள்.

சந்தியாகுவை வீட்டுக்கு அனுப்பிய நாளில் ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு வண்டிகள் நின்றன. சலேத்தம்மாளின் அக்காள் மகன் கொண்டுவந்திருந்த கார் ஒன்று, அதற்குப் பின்னால் மீன் வாடை அடிக்கும் பிக்கப். சந்தியாகு இரண்டையும் பார்த்தார். இனி அவர் எதில் வேண்டுமானாலும் போகலாம், எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம். மனைவியைக் காரில் ஏறச்சொல்லிவிட்டு, நடந்துவந்து பிக்கப்பின் கதவைத் தானே திறந்து, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே ஏறினார்.

 ஊர் நெருங்கும்போது வெயில் தாழ்ந்திருந்தது. உப்பளத்துப் பாத்திகளில் மழைத்தண்ணீர் நிறைந்து, வானம் இரண்டாகத் தெரிந்தது. சந்தியாகு, பெடலை மிதிக்கிற அவள் காலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"எனக்கு இருபத்தஞ்சு வயசுல ஒரு லாரிக்காரன்கிட்ட வண்டி படிக்கப் போனேன்," என்றார். "யாருக்கும் தெரியாது. மூணாம் நாளு வாய்க்காலுக்குள்ள எறக்கிட்டேன். அவன் சிரிச்ச சிரிப்பு இருக்கே. பொறவு நான் போவலை." கொஞ்ச நேரம் வெளியே பார்த்தார். "நீ ஓட்டிக்கிட்டு வந்து கோயில் முன்னால ஒரே வீச்சுல திருப்பி நிறுத்துன பாரு. அன்னைக்கு என்னமோ எனக்குப் பொறுக்கலை."

 உப்பளத்து நேர் ரோட்டில், ஒருவரும் இல்லாத இடமாகப் பார்த்து அவள் வண்டியை ஓரம் கட்டினாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"ரெண்டு மாசத்துக்கு இடது கையைத் தூக்கக்கூடாதுன்னாரு."

"அப்போ ரெண்டு மாசம் கழிச்சுப் பாப்போம்."

"கையைத்தானே சொன்னாரு," என்றார் சந்தியாகு. "காலை ஒண்ணும் சொல்லலியே."

அமலோற்பவம் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி, சுற்றிக்கொண்டு வந்து, கதவைத் திறந்து, "அந்தப் பக்கம் நகந்து உக்காருங்க, அண்ணே," என்றாள். "இடது காலுக்குக் கீழ இருக்கது கிளட்ச்."